கை நனைக்காமல் காட்டில் இரண்டு நாள்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு அட்டை ஏறாத காலுறை எதற்கு என்று என் மைத்துனன் பாஸ்கர் கேட்டான். நியாயமான கேள்விதான். பையன் வாட்ஸப்பில் அனுப்பிய லிஸ்டில் அது மூன்றாவதாக இருந்தது. முதலாவது டார்ச் லைட், இரண்டாவது மழைக்கோட்டு. கடைசியில், "சூட்கேஸ் வேண்டாம், ஆளுக்கு ஒரு பை, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி" என்று போட்டிருந்தான். பெண் வீட்டுக்காரர்களை நனைய வைக்கப்போவதாக முன்கூட்டியே எழுதி அனுப்பிய மாப்பிள்ளையை விருத்தாசலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். என் மகள் கயல்விழி கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் தோழிகளோடு பகாங் பக்கம் ஒரு தேசியப் பூங்காவுக்குப் புலி பார்க்கப் போனவள், புலியைப் பார்க்காமல், கூட்டிக்கொண்டு போன வழிகாட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பெயர் லோகேஸ். மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருக்கும் தமிழ்ப் பையன்.

"அப்பா, நீங்க மூணு பேரும் வந்து பாத்துட்டு சரின்னா கட்டிக்கிறேன். வேணான்னா வேணாம், சண்டை போட மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வேற எந்த ஜாதகத்தையும் எங்கிட்ட எடுத்துட்டு வராதீங்க" என்றாள் போனில். சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் சின்ன வயதிலிருந்து கத்தினால் நான் கவலைப்பட மாட்டேன், மெதுவாகப் பேசினால்தான் பயம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கே இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வூடு பாக்காம எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" என்று என் மனைவி செல்வி பிடித்துக்கொண்டாள். சரி, வீடு எங்கே என்று பையனையே கேட்டோம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டோம்.

"அங்கிள், டவுன்ல வாடகைக்கு ஒரு ரூம் இருக்கு. அங்க என் துணிமணிதான் இருக்கும். நான் இருக்கறது ஆத்தோரத்துல, கேம்ப்ல. நான் இருக்கற எடத்த பாக்கணும்னா அங்கதான் வரணும். அம்மாவையும் அங்கயே வரச் சொல்லிடறேன்."

செல்வி போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள். எனக்கென்னவோ பையனின் பதில் பிடித்திருந்தது. நான் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் வைத்திருக்கிறேன், ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை எல்லாம் சுடுகிறோம். எங்கள் தொழிலில் விரிசலை முதலிலேயே காட்டி விற்கிறவனை நம்பலாம். இதைச் செல்வியிடம் சொன்னேன். "அப்ப விரிசல்னு ஒத்துக்கறீங்க" என்றாள்.

அடுத்த சிக்கல், ஆள் கணக்கு. நான், செல்வி, பாஸ்கர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது, போனால் காரியம் கூடி வராது. பாஸ்கரின் பெண்சாதிக்குப் பையன் பரீட்சை. இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக வைத்துக்கொள்வது வழக்கம். சூளைக்காரன் வீட்டில் கல்லைத் தேடுவானேன் என்று, துதிக்கை கோணிப்போனதால் விற்காமல் கிடந்த ஒரு உள்ளங்கைப் பிள்ளையாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாஸ்கர், "பாஸ்போர்ட் இல்லாம வர்ற ஒரே ஆளு இவருதான் மாமா" என்றான். விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பிள்ளையாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் இது என்று கேட்டாள். ஃபேமிலி என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம் சில்லறைச் சிக்கல். பெரிய சிக்கல் சாப்பாடு.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடிவாகும் வரை கை நனைக்க மாட்டோம். காபி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வைத்த பிறகு பின்வாங்குவது மகா கேவலம். ஊரில் இதில் கஷ்டமே கிடையாது, அரை மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இவன் வீட்டுக்குப் படகில் மூன்று மணி நேரம் போக வேண்டும். படகு மறுநாள்தான் திரும்பும். சுற்றிலும் காடு, கடை கண்ணி கிடையாது.

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டாப் போச்சு" என்றாள் செல்வி. மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லை. முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, அவல், எலுமிச்சை ஊறுகாய். ஆளுக்கு ஒரு பை என்று பையன் சொன்னானே, அந்தப் பையில் முக்கால்வாசி இதுதான். துணிக்கு இடமில்லாமல் நான் இரண்டு சட்டையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

கோலாலம்பூரில் முதல் நாள் காலை கயல் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் தமிழ்நாட்டுக்காரர். எந்த ஊர் என்றார், சொன்னேன். "விருத்தாசலமா! ஜங்ஷன்ல ரயில் மாறியிருக்கேன்" என்றார். எங்கள் ஊரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரயில் மாறாமல் வெளியே வந்து கோயிலைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம்ம பரோட்டாவுக்குப் பட்டணத்துத் தம்பி. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, தொட்டுக்கொள்ள பருப்பும் மீன் குழம்பும். நான் நாலு சாப்பிட்டேன். கடையில் சாப்பிடுவதற்கு எந்தச் சட்டமும் கிடையாதே. செல்வி, "மெதுவா சாப்புடுங்க, யாரும் புடுங்க மாட்டாங்க" என்றாள். அந்த வார்த்தை எந்த நேரத்தில் வாயில் வந்ததோ தெரியவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கயல் வீட்டில் புளிசாதம் கிளறிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். படகுத் துறையில் மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அரை டிராயர், முழங்கை வரை சேறு, தலையில் ஒரு பழைய தொப்பி. "வாங்க அங்கிள், வாங்க ஆண்டி" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பைகளைத் தூக்கிப் படகில் அடுக்கினான். பொன்னாடை எதிர்பார்த்து வந்தவன் மாதிரி பாஸ்கர் முகம் தொங்கிப் போயிற்று. "அரை டிராயரோட நிக்கறான்டா" என்று செல்வி அவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது, அநேகமாகப் பையனுக்கும் கேட்டிருக்கும்.

படகு நீளமாக, ஒல்லியாக இருந்தது. பலகையில் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வருகிறது. கையைத் தொங்கவிட்டால் ஆறு. நம்ம மணிமுத்தாற்றில் பாலத்தின் மேல் நின்று தண்ணீர் எங்கே என்று தேடிப் பழகியவர்கள் நாங்கள். இங்கேயோ, நம்ம பெண்ணாடம் பக்கத்து வெள்ளாற்றில் வெள்ளம் போகிற நிறத்தில், இரண்டு கரையும் முட்ட ஓடுகிறது. வழியில் ஒரு மேட்டில் படகு தரை தட்டிவிட்டது. மலாய்க்காரப் படகோட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னா சொல்றாரு?"

"யாரும் தள்ள வேணாமாம்ப்பா. அந்தப் பெரியவர் மட்டும் எறங்கட்டும், படகு தன்னால மெதக்கும்ங்கறாரு."

இறங்கினேன். மிதந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்.

முகாம் ஆற்றங்கரை மேட்டில் இருந்தது. ஆறு கூடாரம், தார்ப்பாய் கூரை போட்ட ஒரு பலகை மேடை, அதில் கேஸ் அடுப்பு. அவ்வளவுதான் மாப்பிள்ளை வீடு. கதவு இல்லை, நிலைப்படி இல்லை, வாஸ்து பார்க்கலாம் என்றால் சுவரே இல்லை. கழிப்பறை ஒன்று இருந்தது, தண்ணீரை ஆற்றிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

லோகேஸின் அம்மா அம்பிகா பூப்போட்ட கைலி கட்டிக்கொண்டு எதிரே வந்தார். அப்பா இல்லை, அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. "வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா?" என்றார். அங்கே சாப்பிட்டாச்சா என்று கேட்பதை அப்படித்தான் கேட்கிறார்கள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. அந்த வாசனையில் எனக்குக் கால் தன்னால் மேடைப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஆச்சிங்க, வழியிலயே ஆச்சி" என்றாள் செல்வி. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அம்பிகா எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது. வற்புறுத்தவில்லை. "சரிங்க, கோப்பியாவது குடிங்க" என்று கலந்து கொடுத்தார்.

அப்போதுதான் லோகேஸ் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினான். "ஆண்டி, சாப்பாட்டுப் பொருள் எல்லாத்தையும் இதுல போட்டு மூடிடணும். குரங்கு இருக்கு." டிரம்முக்குள் அவர்கள் வீட்டு அரிசி, கருவாடு, வெங்காயம் எல்லாம் இருந்தது. செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க பாத்துக்கறோம் தம்பி" என்றாள்.

தனியாக வந்ததும் என்னிடம் விளக்கம் வேறு. "அவங்க ஏனத்துல வச்சி எடுத்துத் தின்னா அவங்க வூட்டுச் சாப்பாடு மாதிரிதானங்க? அரிசியும் கருவாடும் ஒட்டிக்கிட்டு கெடக்குது உள்ள." பையைக் கூடாரத்துக்குள் போர்வைக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து, ஜிப்பின் முனையில் ஒரு ஊக்கையும் குத்தினாள். விருத்தாசலத்தில் அவள் ஊக்குக் குத்திய எதுவும் இதுவரை களவு போனதில்லை.

ஒரு கட்டையில் உட்கார்ந்து, பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, புளிசாதம் சாப்பிட்டோம். கயல் எங்களோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு ஆற்றில் குளிக்கப் போனோம். தண்ணீர் ஜில்லென்று இருந்தது, நானும் பாஸ்கரும் ஒரு மணி நேரம் கிடந்தோம்.

திரும்பி வந்தால் கூடாரத்து வாசலில் கூட்டம். எல்லாம் குரங்கு. ஊக்கு கழற்றித் தரையில் கிடந்தது, ஜிப் ஒழுங்காகத் திறந்திருந்தது. நான்கூட அவ்வளவு ஒழுங்காகத் திறக்க மாட்டேன். ஒரு தடியன் எள்ளுருண்டையை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான். யார் வீட்டுக்கு யார் வந்தது என்கிற பார்வை. அவல் போச்சு, முறுக்கு போச்சு, இட்லிப் பொடி ஒருத்தன் மூக்கில் ஏறி அவன் தும்மிக்கொண்டே மரம் ஏறினான். தட்டையை மட்டும் ஒரு கடி கடித்துக் கடித்துத் துப்பியிருந்தார்கள்.

"தட்டைக்கு என்னா கொறச்சல்?" என்று செல்வி கேட்டாளே, அதில்தான் கோபம் அதிகம் தெரிந்தது. மிஞ்சியது ஊறுகாய் பாட்டில் ஒன்று. லோகேஸ் ஓடி வந்து விரட்டினான். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நான் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்பிகா வந்தார். "ரசம் வச்சிருக்கேன், மீன் பொரிச்சிருக்கேன். பசியாறுங்க."

"வயிறு சரியில்லங்க" என்றாள் செல்வி.

"எனக்கும்" என்றான் பாஸ்கர்.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டிருப்பதை அவர் மரியாதையாக நம்பினார். எங்கள் பங்கு மீன் முழுக்கப் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தம்பதிக்குப் போயிற்று. அவர்கள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டதை நான் முழுசாகப் பார்த்தேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினான்.

பாஸ்கர் தன் கடமையை மறக்கவில்லை. கருப்புக் காபியை உறிஞ்சிக்கொண்டே, நீங்கள் எந்த ஊர்ப் பக்கம், எந்த ஆட்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டான். "எங்க தாத்தா கப்பல்ல வந்து எறங்கினதும் எஸ்டேட்ல எல்லாரையும் ஒரே லயத்து வீட்டுல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் யாரு தேடிப் பாத்தா?" என்றார் அம்பிகா. "ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சிக்கறோம்." பாஸ்கர் அதற்கப்புறம் காபியை மட்டும் கவனித்தான்.

கயலைத் தனியாகக் கூப்பிட்டு, நீயாவது போய்ச் சாப்பிடும்மா என்றேன். "அம்மா கை வைக்காம நான் வைக்க மாட்டேன்ப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் பிள்ளை பட்டினியாகப் படுக்கப் போகிறாள், நான் ஊறுகாய் பாட்டிலோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போய் அந்த மேடையில் உட்கார்ந்து ஒரு தட்டை இழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் செல்வியை மீறிக் கை வைத்தால் அது காலத்துக்கும் நான் முடித்துவைத்த கல்யாணம், அவள் மனசு வைத்த கல்யாணம் ஆகாது. அதனால் ஊறுகாயை நக்கிவிட்டுப் படுத்தேன். வெறும் ஊறுகாய் பசியைக் கிளறத்தான் செய்யும், யாரும் முயற்சி செய்யாதீர்கள்.

மறுநாள் காலை லோகேஸ் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப் போனான். அட்டை காலுறையில் ஏறவில்லை, உண்மைதான். மேலேயிருந்து விழுந்து என் தொப்பையில் ஒட்டிக்கொண்டது. செல்விக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, அவள் பாட்டுக்கு விசாரணையை நடத்திக்கொண்டு வந்தாள்.

"கட்டிக்கிட்டா கயலு எங்க தம்பி இருப்பா?"

"அவங்க வேலை கே.எல்.லதான் ஆண்டி. மாசத்துல பத்து நாள் நான் அங்க போவேன். மழைக்காலத்துல கேம்ப் மூடிடுவாங்க, அப்ப முழுக்க அங்கதான்."

"காட்ட உட்டுட்டு வேற வேலைக்கு வருவியா?"

"வர மாட்டேன் ஆண்டி. கயல்கிட்டயும் அதைத்தான் மொதல்லயே சொன்னேன்."

வருவேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அங்கேயே வேலை முடிந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செல்வி எங்களை முந்திக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்தால், எங்களோடு வராமல் தலைவலி என்று தங்கிவிட்ட பாஸ்கர் ஒரு மரத்துக்குப் பின்னால் வெள்ளைக்காரனோடு உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். நேற்றைய மீன்! என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "கை நனையல மாமா, முள்ளுக் கரண்டி" என்றான். வெட்கங்கெட்டவன். எனக்கு ஒரு துண்டு வைத்திருக்கலாம்.

மத்தியானம் படகு வந்து நின்றது. பைகளைக் கட்டினோம். செல்வி புடவையை உதறிச் சொருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். "அப்ப வரோங்க. ஊருக்குப் போயி கலந்து யோசிச்சிச் சொல்லி அனுப்பறோம்" என்றாள்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எங்கள் ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கயலுக்குத் தெரியாதா? அவள் அழவில்லை. என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படகுப் பக்கம் திரும்பினாள். லோகேஸ் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க ஆண்டி" என்றான்.

அம்பிகா எங்களுக்குக் கடைசிக் காபியை நீட்டினார். டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று ஆடியது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே மேடையில் உட்கார்ந்துவிட்டார், டம்ளர் உருண்டது.

செல்விக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை, சாப்பிடாத வேளைக்கு மாத்திரையும் போட மாட்டாள். அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "சக்கர டப்பா எங்க? யேய் கயலு, சக்கர எடு!" ஒரு பிடி சர்க்கரையை அள்ளி அம்பிகா வாயில் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

"சுகர் மாத்திர போடறீங்கல்ல? எப்ப சாப்ட்டீங்க?"

அம்பிகா உருண்ட டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். லோகேஸ் ஆற்றைப் பார்த்தான். கயல்தான் சொன்னாள். "நேத்து மத்தியானத்துலேருந்து அவங்க ரெண்டு பேரும் சாப்பிடலம்மா. வந்தவங்க பட்டினியா இருக்கும்போது நாங்க எப்படிச் சாப்பிடறதுன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

நான் சொல்வதை நம்புங்கள், நேற்று மத்தியானத்திலிருந்து அந்த மேடையில் மூன்று வேளை சமைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கை வைக்கவில்லை என்று பட்டினி, அந்தப் பக்கம் நாங்கள் கை வைக்கவில்லையே என்று அவர்கள் பட்டினி. நடுவில் வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் வயிறு நிறைந்து இருந்திருக்கிறான்.

செல்விக்கு வந்ததே ஒரு கோபம். "அறிவிருக்குதா ஒங்களுக்கு? மாத்திரையப் போட்டுக்கிட்டு பட்டினி கெடப்பாங்களா? புள்ளைய வச்சிருக்கறவங்க செய்யற வேலையா இது?" என்று கத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி அம்பிகா முன்னால் தள்ளினாள். "சாப்புடுங்க."

அம்பிகா தட்டைத் தொடவில்லை. "நீங்க வைக்காம…" என்றார் மெதுவாக.

செல்வி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள். இன்னொரு தட்டை இழுத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை விட்டுப் பிசைந்தாள், உருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"வச்சிட்டேன். இப்ப சாப்புடுங்க சம்பந்தி. ஆறிப்போவுது."

திட்டுகிற குரலிலேயேதான் சொன்னாள். பாஸ்கர்தான், "அக்கா, ஊருக்குப் போயி யோசிச்சின்னு…" என்று ஆரம்பித்தான்.

"யோசிச்சாச்சி. நீ ஒழுங்கா கையால சாப்புடு, மரத்துக்குப் பின்னால போவாம" என்றாள்.

நான் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். லோகேஸ் அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். கயல் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சோறு தட்டைத் தாண்டிப் பலகையில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி, தட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று நான் சொல்லவில்லை.